சின்னக் குறைதானே என்று எஃப்.சி.க்குப் போகலாமா?

பம்பரில் ஒரு கீறல். பின்னால் ஒரு பக்கம் பிரேக் லைட் எரியவில்லை. வைப்பர் ஓடும்போது 'கிரீச்' என்று சத்தம். "வண்டி நல்லாத்தானே ஓடுது, இதையெல்லாமா பார்ப்பாங்க?" என்று நினைத்துக்கொண்டு ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குக் காரை எடுத்துப் போகிறீர்கள். இந்த மூன்றில் எது உங்களைத் திருப்பி அனுப்பும்?

எரியாத பிரேக் லைட்தான். கீறல் பிரச்சினை இல்லை. வைப்பர் கண்ணாடியைச் சுத்தமாகத் துடைத்தால் சத்தமும் பரவாயில்லை. கோடு கோடாக விட்டுத் துடைத்தால் அதுவும் குறைதான்.

பழுதுபார்க்க எவ்வளவு செலவாகும் என்பதை வைத்துத்தான் நாம் 'சின்னக் குறை', 'பெரிய குறை' என்று பிரிக்கிறோம். ஆய்வாளர் பார்ப்பது வேறு. இந்தக் குறையோடு வண்டி சாலையில் போனால் உள்ளே இருப்பவருக்கோ, பின்னால் வருபவருக்கோ ஆபத்து உண்டா என்பதே அவருடைய கேள்வி. கதவில் உள்ள நசுங்கலைச் சரிசெய்ய ஆயிரக்கணக்கில் ஆகலாம். ஆனால் அது ஆய்வில் தடையாகாமல் போகலாம். ஒரு சின்ன பல்பு தடையாகிவிடும்.

யாருக்கு, எப்போது?

டாக்சி போன்ற மஞ்சள் போர்டு வண்டிகளுக்கு எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்று கட்டாயம். புது வண்டிக்கு முதலில் 2 ஆண்டு. அதன்பின் வண்டிக்கு 8 வயது ஆகும்வரை 2 ஆண்டுக்கு ஒருமுறை, அதற்கு மேல் ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். சான்று காலாவதியானால், சட்டப்படி அந்த வண்டி பதிவு இல்லாத வண்டியாகவே கருதப்படும்.

சொந்த உபயோகக் காருக்குப் பதிவு 15 ஆண்டு செல்லும். பிறகு வண்டியைக் காட்டி 5 ஆண்டுக்கு ஒருமுறை ஆர்.சி.யைப் புதுப்பிக்கணும். காலாவதி தேதிக்கு முந்தைய 60 நாட்களுக்குள் படிவம் 25-இல் விண்ணப்பிக்கலாம்.

எதையெல்லாம் பார்ப்பார்கள்?

மத்திய மோட்டார் வாகன விதி 62-இல் பட்டியலே இருக்கிறது. முகப்பு விளக்கின் ஒளி விழும் உயரம், மற்ற விளக்குகள், ரிஃப்ளெக்டர், பின்பார்வைக் கண்ணாடி, பாதுகாப்புக் கண்ணாடி, ஹாரன், சைலன்சர், டாஷ்போர்டு கருவிகள், வைப்பர், புகை, பிரேக், ஸ்பீடோமீட்டர், ஸ்டீயரிங் எல்லாம் அதில் உண்டு. பட்டியலில் பாதி, நாம் 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று தள்ளிப்போடும் சமாச்சாரங்கள்தான்.

நாமே ஆசையாகச் சேர்த்ததும் குறையாகலாம். சத்தம் போடும் சைலன்சர், கண் கூசும் கூடுதல் விளக்கு, ஆர்.சி.யில் பதியாத கேஸ் கிட் ஆகியவற்றைப் போகும் முன்பே சரிசெய்துவிடுங்கள். கண்ணாடியில் முன்னும் பின்னும் குறைந்தது 70 சதவீதம், பக்கங்களில் 50 சதவீதம் ஒளி ஊடுருவ வேண்டும்.

கீறல், மங்கிய பெயின்ட், சின்ன நசுங்கல், கிழிந்த சீட் உறை போன்றவை பார்க்க நன்றாக இருக்காது, அவ்வளவுதான். ஆனால் நசுங்கிய இடத்தில் தகடு கூராக வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலோ, துருப்பிடித்து அடிப்பாகம் ஓட்டையாகியிருந்தாலோ அது பாதுகாப்புக் குறை.

வாசலிலேயே 10 நிமிடம்

முதல் நாளே வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி இவற்றைப் பாருங்கள்:

1. ஒருவரைப் பின்னால் நிற்கச் சொல்லி பிரேக், ரிவர்ஸ், இண்டிகேட்டர், நம்பர் பிளேட் விளக்கு எல்லாவற்றையும் போட்டுக் காட்டுங்கள். ஓட்டும் இடத்தில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு பிரேக் லைட் எரியாதது தெரியவே தெரியாது.

2. டயர் பள்ளங்களுக்குள் சின்ன மேடுகள் இருக்கும். டயர் அந்த மேட்டின் மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் மாற்றியாக வேண்டும். காருக்குக் குறைந்தபட்சம் 1.6 மி.மீ. ஆழம் வேண்டும்.

3. சக்கரம் திரும்பாமல் ஸ்டீயரிங் மட்டும் எவ்வளவு ஆடுகிறது என்று பாருங்கள். 30 டிகிரிக்கு மேல் ஆடக்கூடாது.

4. ஹேண்ட் பிரேக், ஹாரன், வைப்பர், சீட் பெல்ட் நான்கையும் ஒருமுறை இயக்கிப் பாருங்கள்.

5. காப்பீடு, புகைச் சான்று இரண்டும் நடப்பில் இருக்கின்றனவா? நம்பர் பிளேட் தெளிவாகத் தெரிகிறதா?

திருப்பி அனுப்பிவிட்டால்?

டாக்சி ஓட்டுபவருக்கு ஒரு பல்பினால் ஒரு நாள் சவாரி போய்விடும். பழுது பார்த்து மறுபடி வர இன்னொரு நாள். 'சின்னக் குறைதான், ஆளைப் பிடிச்சா முடிஞ்சிடும்' என்று யாராவது சொன்னால் காது கொடுக்காதீர்கள். பணமும் போகும், குறையும் அப்படியே இருக்கும்.

உங்களுக்கு உரிமைகளும் உண்டு. தகுதிச் சான்று மறுக்கப்பட்டால், அதற்கான காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 56 சொல்கிறது. கேட்டு வாங்குங்கள். அதில் இருப்பதை மெக்கானிக்கிடம் காட்டினால் தேவையான வேலையை மட்டும் செய்து முடிக்கலாம். மறுத்தது சரியில்லை என்று நினைத்தால், உத்தரவு கிடைத்த 30 நாட்களுக்குள் பிரிவு 57-இன்படி மேல்முறையீடு செய்யலாம்.

இப்போதே ஒரு வேலை செய்யுங்கள். எம்பரிவாகன் செயலியில் உங்கள் வண்டி எண்ணைப் போட்டு, தகுதிச் சான்றும் ஆர்.சி.யும் எதுவரை செல்லும் என்று பாருங்கள். அந்தத் தேதிக்கு இரண்டு மாதம் முன்னதாக கைப்பேசியில் ஒரு நினைவூட்டல் வையுங்கள். எரியாத பிரேக் லைட்டுக்கு மட்டும் அதுவரை காத்திருக்க வேண்டாம். ராத்திரி மழையில் உங்கள் பின்னால் வருபவருக்கு நீங்கள் பிரேக் போட்டதைச் சொல்வது அந்த விளக்கு ஒன்றுதான்.