திரையில் பச்சை, தாளில் மங்கல்: ஏன்?

கேமரன் மலைக்குப் போகிறவர்கள் தேயிலைத் தோட்டத்தைப் படமெடுக்காமல் திரும்புவதில்லை. 1929இல் தொடங்கப்பட்ட போ தேயிலை நிறுவனத்தின் சுங்கை பாலாஸ் தோட்டத்துக்கு நீங்களும் போயிருக்கலாம். சரிவு முழுக்கப் பச்சை, அதன்மேல் தவழும் மூடுபனி, நடுவே கொழுந்து பறிக்கும் ஒருவர். கைப்பேசித் திரையில் படம் பளிச்சென்று இருக்கும். அதே படம் பள்ளி ஆண்டிதழில் அச்சாகி வரும்போது பச்சை மங்கி, பனி அழுக்குச் சாம்பலாகி, அந்தத் தொழிலாளியின் முகம் கறுப்புத் திட்டாகிவிடுகிறது.

அச்சகத்தின் தவறா? பெரும்பாலும் இல்லை. திரை வண்ணம் காட்டும் வழி வேறு, தாள் காட்டும் வழி வேறு. இதைப் புரிந்துகொண்டால் படத்தை நாமே தயார்செய்து அனுப்பலாம்.

பச்சை எங்கே போனது?

திரை தானே ஒளி வீசுகிறது. சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று ஒளிகளைக் கூட்டி எல்லா வண்ணங்களையும் உண்டாக்குகிறது. தாளோ தன்மேல் விழும் வெள்ளொளியைத்தான் திருப்பி அனுப்புகிறது. அச்சு மை அந்த ஒளியிலிருந்து ஒரு பங்கை விழுங்கிக்கொள்ளும். சியான் எனும் வெளிர்நீல மை சிவப்பை விழுங்கும். மெஜந்தா பச்சையை விழுங்கும். மஞ்சள் நீலத்தை விழுங்கும். நான்காவதாகக் கறுப்பு மையும் உண்டு.

இலைப்பச்சை வேண்டுமென்றால் சியானும் மஞ்சளும் சேர வேண்டும். சிவப்பும் நீலமும் போக, மிஞ்சுவது பச்சை. ஆனால் உண்மையான சியான் மை கொஞ்சம் பச்சை ஒளியையும் சேர்த்தே விழுங்கிவிடுகிறது. அதனால் திரையின் பளிச்சிடும் பச்சையைச் சாதாரண நான்கு மைகளால் எட்ட முடியாது.

இதற்குப் பலர் செய்யும் வைத்தியம், செயலியில் வண்ணச் செறிவை மேலும் கூட்டுவது. அது நோயை வளர்க்கும். மையால் எட்ட முடியாத பல பச்சைகள் ஒரே பச்சையாக ஒட்டிக்கொள்ளும். இளங்கொழுந்தின் மஞ்சள் கலந்த பச்சைக்கும் முற்றிய இலையின் கரும்பச்சைக்கும் வேறுபாடு தெரியாமல் போகும். செறிவைச் சற்றே குறைத்துப் பாருங்கள். இலைகள் தனித்தனியாகத் தெரியும்.

முகம் ஏன் கறுத்தது?

தாளில் பதியும் மைப்புள்ளி அப்படியே நிற்பதில்லை, சற்றுப் பரவும். மை உறிஞ்சும் செய்தித்தாளில் அதிகம் பரவும், வழவழப்பான தாளில் குறைவாகப் பரவும். புள்ளிகள் பெருத்தால் படம் கருமையாகும். தலைத்துணியின் நிழலில் இருக்கும் முகம்தான் இதில் முதலில் காணாமல் போகும். திரையை முழு வெளிச்சத்தில் வைத்துத் திருத்தியிருந்தால் இருட்டு நமக்குத் தெரிந்தும் இருக்காது.

ஆகவே திரை வெளிச்சத்தைக் குறைத்து வையுங்கள். நிழல் பகுதியையும் நடுத்தர ஒளிப் பகுதியையும் சற்று உயர்த்துங்கள். முழுப் படத்தையும் வெளிறச் செய்ய வேண்டாம்.

பனியைப் பனியாக விடுங்கள்

சாதாரணப் படக் கோப்பில் ஒவ்வொரு அடிப்படை வண்ணத்துக்கும் 0 முதல் 255 வரை 256 ஒளிப்படிகள் உண்டு. பனிபடர்ந்த காட்சி 100 முதல் 180 வரையிலான 81 படிகளுக்குள்ளேயே அடங்கிவிடலாம். அதை 256 படிகளுக்கும் இழுத்துப் பரப்பினால் இடையிடையே வெற்றிடம் விழும். மென்மையான பனி, படிக்கட்டுப் போலப் பட்டை பட்டையாகத் தெரியும். கறுப்பை மட்டும் சிறிது ஆழமாக்கினால் போதும்.

எத்தனை பிக்சல் வேண்டும்?

நல்ல அச்சுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் என்பது வழக்கம். காரணம் நம் கண். ஒரு பாகையில் 60இல் ஒரு பங்குதான் அது பிரித்தறியும் எல்லை. 30 செ.மீ. தூரத்தில் அது ஏறத்தாழ 0.087 மி.மீ. ஓர் அங்குலத்தை 300ஆகப் பிரித்தால் ஒரு பங்கு 0.085 மி.மீ. இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதானே!

ஏ4 தாள் முழுக்க அச்சிட 3508 × 2480 பிக்சல் வேண்டும். 4000 × 3000 பிக்சல் தரும் 12 மெகாபிக்சல் கைப்பேசிக்கு இது எளிது. ஆனால் புலனம் வழியாக அனுப்பும்போது படம் சுருக்கப்படலாம். நீளப் பக்கம் 1600 பிக்சலாகிவிட்டால், ஏ4 தாளில் அங்குலத்துக்கு 137 பிக்சல்தான் கிடைக்கும். மூலக் கோப்பை ஆவணமாகவோ மின்னஞ்சலிலோ அனுப்புங்கள். அளவை முடிவு செய்த பிறகே, கடைசியாகக் கூர்மையைச் சிறிது கூட்டுங்கள். முடிந்தால் ஒரு சிறு பகுதியை அதே தாளில் அச்சிட்டுப் பாருங்கள்.

பாட்டியின் படம்

உங்கள் வீட்டில் தோட்டத்துக் காலத்துப் பழைய படம் ஒன்று இருக்கலாம். 3 அங்குல அகலப் படத்தை 6 அங்குலமாக அச்சிட, அங்குலத்துக்கு 600 என்ற அளவில் வருடி எடுங்கள். முதல் கோப்பைத் தொடாமல் வைத்து, அதன் நகலில் மட்டும் திருத்துங்கள். கறையையும் கீறலையும் நீக்கும்போது முகச் சுருக்கத்தையும் சேர்த்து அழித்துவிடாதீர்கள். ஈரக்காற்றில் அந்தத் தாள் ஆண்டுக்காண்டு மங்கிக்கொண்டே வருகிறது. இந்த வாரமே வருடிவிட்டால், இன்று தெரியும் அளவுக்காவது அந்த முகம் மிஞ்சும்.