பட்டமேற்படிப்பின் படலை எங்களுக்கும் திறக்குமா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை எமது மாதர் குழுக் கூட்டம் முடிந்தபின் ஒரு சகோதரி என்னுடன் கதைத்துக்கொண்டிருந்தார். 2009இல் கணவனை இழந்தவர். இரண்டு பிள்ளைகளைத் தனியே வளர்த்தவர். ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் தையல் வரிசைக்கு மேற்பார்வையாளராக இருக்கிறார்.

"அக்கா, இந்த வேலையில எனக்குப் பதினொரு வருசம். எந்த மெசினில வேலை தேங்கும், ஆரை எங்க மாத்தி விட்டா அண்டைய எண்ணிக்கை சரிவரும் எண்டு எனக்குத் தெரியும். போன வருசம் படிச்சு முடிச்சு வந்த தம்பி என்னட்டக் கேட்டுத்தான் எல்லாம் பழகினவர். இப்ப அவர் எனக்கு மேல. அவரை நான் குறை சொல்லேல்லை. அவரிட்டப் பட்டம் இருக்கு, என்னட்ட இல்லை" என்றார்.

அவர் கோபப்பட்டிருந்தால் நானும் ஏதாவது ஆறுதல் சொல்லியிருப்பேன். அமைதியாகச் சொன்னதால் எனக்குப் பதில் வரவில்லை.

சில வாரங்களின் பின், கைத்தொழில் முகாமைத்துவத்தில் பட்டமேற்படிப்பு ஒன்றை வடிவமைப்பது பற்றிய கலந்துரையாடலுக்கு எனக்கும் அழைப்பு வந்தது. சமூகவியல் படித்து, கிராமங்களில் வேலை செய்பவள் என்பதால் சமூகத்தின் பக்கத்திலிருந்து கருத்துச் சொல்லும்படி கேட்டிருந்தார்கள்.

கைத்தொழில் முகாமைத்துவம் என்றதும் பயந்துவிட வேண்டாம். ஆட்கள், இயந்திரம், மூலப்பொருள், நேரம், பணம் ஆகியவற்றை வீண்போகாமல் ஒழுங்குபடுத்தி, நல்ல பொருளை உரிய நேரத்தில் செய்து முடிப்பதுதான் அது. இடம்பெயர்ந்த முகாமில் ஒரே அடுப்பில் பல குடும்பங்களுக்குச் சமைத்த பெண்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. எமது நாட்டில் களனிப் பல்கலைக்கழகத்தில் 1967ஆம் ஆண்டிலேயே இதற்கெனத் தனித்துறை தொடங்கப்பட்டது.

எனக்குத் தந்த வரைவில் உற்பத்தித் திட்டமிடல், தரக் கட்டுப்பாடு, விநியோகச் சங்கிலி, கணக்கீடு, புள்ளிவிபரவியல் என்று நல்ல பாடங்கள் இருந்தன. ஆனால் என் கண் கடைசிப் பக்கத்திலேயே நின்றது. இரண்டு வருடங்கள். சனி, ஞாயிறு முழுநாளும் நகரத்தில் வகுப்பு. எண்பது வீத வரவு கட்டாயம்.

இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி, பாடங்களைக் கொண்ட முதுமாணிப் பட்டத்துக்கு ஆகக் குறைந்தது 30 கிரெடிட் வேண்டும். ஒரு கிரெடிட் என்பது 50 மணித்தியாலக் கற்றல். வகுப்பு, வீட்டில் படிப்பது, ஒப்படை எல்லாம் அதற்குள் அடங்கும். மொத்தம் 1500 மணித்தியாலங்கள். இரண்டு வருடங்களில் முடிப்பதென்றால் வாரத்துக்கு 14 மணித்தியாலத்துக்கு மேல் தேவை. மூன்று வருடமாக்கினால் 10 மணித்தியாலத்துக்கும் குறைவு. வேலைக்கும் போய், பிள்ளைகளையும் பார்க்கும் ஒரு தாய்க்கு இந்த வித்தியாசம் மிகப் பெரியது.

அங்கே நான் அமெரிக்கப் பெண்மணி லிலியன் கில்பிரெத்தின் கதையைச் சொன்னேன். 1878இல் பிறந்த அவர், தொழிலிடத்தில் மனித மனமும் களைப்பும் பற்றி ஆராய்ந்தவர். கலாநிதிப் பட்டத்துக்கான தனது ஆய்வை எழுதி முடித்த பின்பும் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் பட்டம் தரவில்லை. காரணம், வளாகத்தில் தங்கிப் படிக்க வேண்டும் என்ற விதி. அவரோ நாட்டின் மறுகரையில் சிறுபிள்ளைகளுடன் வாழ்ந்தார். அந்த ஆய்வு 1914இல் புத்தகமாக வெளிவந்தது. பின்னர் தான் குடியிருந்த நகரிலேயே இருந்த பிரவுண் பல்கலைக்கழகத்தில் வேறொரு ஆய்வு செய்து 1915இல் பட்டம் பெற்றார்.

1924இல் கணவர் திடீரென இறந்தபோது அவரிடம் பதினொரு பிள்ளைகள். மூத்த மகளுக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. கணவருடன் சேர்ந்து செய்த வேலையை ஒரு பெண்ணிடம் தனியே கொடுக்கப் பல நிறுவனங்கள் தயங்கின. அவர் தன் வீட்டிலேயே தொழிற்றுறையினருக்கு வகுப்பு நடத்தினார். 1935இல் பேர்டியூ பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவப் பேராசிரியையானார். அவரைத் தடுத்தது பாடமல்ல, இருப்பிடம் பற்றிய ஒரு விதி.

நான் மூன்று விடயங்களைக் கேட்டேன். படிப்பை மூன்று வருடத்திலும் முடிக்க வழி வேண்டும். வகுப்புகளில் ஒரு பகுதியை வீட்டிலிருந்து படிக்கவும், நகரத்துக்கு வரும் நாட்களில் பிள்ளைகளை விடவும் ஒழுங்கு வேண்டும். செயற்றிட்டத்தை மாணவர் தாம் வேலை செய்யும் இடத்திலேயே, அங்குள்ள தொழிலாளரின் களைப்பு, விபத்து போன்ற உண்மையான பிரச்சினை ஒன்றில் செய்ய வேண்டும்.

"இப்படித் தளர்த்தினால் தரம் குறையாதா?" என்று ஒருவர் கேட்டார். பரீட்சை எல்லோருக்கும் ஒன்றுதான், 1500 மணித்தியாலமும் ஒன்றுதான், அதைச் செலவிடும் விதம் மட்டுமே மாறுகிறது என்றேன். முதலாவதையும் மூன்றாவதையும் குறித்துக்கொண்டார்கள். பிள்ளைகள் பற்றிய ஒழுங்குக்குப் "பார்ப்போம்" என்றார்கள். அதை நான் மீண்டும் கேட்பேன்.

ஆனால் அந்தச் சகோதரிக்கு முதுமாணிப் படிப்பு இன்னும் தூரம். அதற்கு முன் பட்டம் வேண்டும். அவரிடம் உயர்தரச் சான்றிதழும் இல்லை. அவரைப் போன்றவர்களுக்கு இன்னொரு ஏணி உண்டு. என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழிற்தகைமை ஏழு மட்டங்களைக் கொண்டது. ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழாவது பட்டத்துக்குச் சமம். வேலை செய்து கற்றவர்கள் தமது திறமையைக் காட்டி, வகுப்புக்குப் போகாமலே கீழ்மட்டச் சான்றிதழ் பெறும் 'முன்கற்றலை அங்கீகரிக்கும்' முறையும் உண்டு. நைட்டா நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்தில் இதுபற்றி விசாரிக்கலாம். அங்கிருந்து மேலே படிக்க, கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் திறக்கப்பட்ட இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவகம் போன்ற இடங்கள் உள்ளன.

சகோதரிகளே, உங்கள் சேவைக் கடிதங்கள், சம்பளச் சீட்டுகள், ஒருநாள் பயிற்சிச் சான்றிதழ் எதையும் எறிந்துவிடாதீர்கள். உங்கள் அனுபவத்துக்குச் சாட்சி அவைதான்.

இதையெல்லாம் சொன்னபோது அந்தச் சகோதரி, "எனக்கு நாற்பது தாண்டிட்டுது அக்கா" என்றார். அடுத்த கூட்டத்துக்கு வந்தபோது அவர் கையில் ஒரு பொலித்தீன் பை இருந்தது. உள்ளே பதினொரு வருடத்துக் கடிதங்களும் ஆண்டுவாரியாக அடுக்கப்பட்டிருந்தன.