அங்கே பறித்தார்கள்... இங்கே சுமத்தினார்கள்! டாப் டான்ஸும் பறையும் மேடையேறிய கதை

திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டையிலிருந்து வண்டியை எடுத்தால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் குன்றத்தூர். மலைமேல் இருக்கும் முருகனைப் பார்க்கப் போகிறவர்களில் பலருக்கு, இது சேக்கிழார் பிறந்த ஊர் என்பதும் தெரிந்திருக்கும். 12-ம் நூற்றாண்டில் அவர் பாடிய பெரியபுராணத்தில் திருநாளைப்போவார் என்றொரு நாயனார் வருகிறார். நாம் நந்தனார் என்று அழைப்பவர். அவர் செய்த தொண்டு என்ன தெரியுமா? சிவன் கோயில் பேரிகைகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும் கொடுத்ததுதான். வாத்தியம் கோயிலுக்குள் முழங்கும். தோல் கொடுத்தவர் வாசலுக்கு வெளியே நிற்பார்.

இசைக்கு உழைப்பவர் வெளியே, மேடை வேறொருவருக்கு. இந்தக் கதை நம் ஊருக்கு மட்டும் சொந்தமில்லை. 2016-ல் நியூயார்க்கின் பிராட்வேயில், கறுப்பினக் கலைஞர்கள் தங்கள் நாடக வரலாற்றையே ஒரு மியூசிக்கலாக மேடையேற்றினார்கள். பெயர் 'ஷஃபிள் அலாங்'. வசனம், பாட்டு எல்லாவற்றையும் தாண்டி அதில் அதிகம் பேசியவை கால்கள். ஆம், டாப் டான்ஸ்.

கால்கள் முரசான கதை

டாப் டான்ஸின் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் ஒரு தடைச் சட்டத்திலிருந்துதான் தொடங்குவார்கள். 1739-ல் அமெரிக்காவின் தெற்கு கரோலினாவில் அடிமைகள் முரசு கொட்டியபடி கிளர்ச்சியில் இறங்கினார்கள். கிளர்ச்சி நசுக்கப்பட்டது. அடுத்த ஆண்டே வந்த சட்டம், அடிமைகள் முரசும் கொம்பும் வைத்துக்கொள்ளக் கூடாது என்றது. முரசுச் சத்தம் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குச் செய்தி கொண்டுபோகும் என்ற பயம்.

முரசைப் பறிக்கலாம், தாளத்தை எப்படிப் பறிப்பது? கைதட்டல், தொடையில் தட்டுவது, தரையில் கால் மிதிப்பது என்று தாளம் உடம்புக்குள் புகுந்துகொண்டது. அயர்லாந்திலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் வந்த ஏழைத் தொழிலாளர்களின் கால் ஆட்டங்களும் இதோடு கலந்தன. பின்னாளில் ஷூவின் அடியில் உலோகத் தகடு ஏறியது.

அந்தக் கால்களுக்கும் மேடை சுலபத்தில் கிடைக்கவில்லை. 1830-களிலிருந்து வெள்ளையர்கள் எரித்த கார்க்கின் கரியை முகத்தில் பூசிக்கொண்டு, கறுப்பர்களைக் கேலிப்பொருளாக்கி ஆடிப் பணம் பார்த்தார்கள். கொடுமை என்னவென்றால், பிறகு கறுப்பினக் கலைஞர்களுக்கு மேடை கிடைத்தபோது அவர்களில் பலரும் அதே கரியைப் பூசிக்கொள்ள வேண்டியிருந்தது. கறுப்பர் முகத்துக்கே கறுப்பு மேக்கப்!

1921-ல் சிஸில், பிளேக், மில்லர், லைல்ஸ் என்ற 4 கறுப்பினக் கலைஞர்கள் சேர்ந்து முதல் 'ஷஃபிள் அலாங்'கை உருவாக்கினார்கள். அதில் ஒரு கறுப்பின ஜோடி நையாண்டியாக இல்லாமல், உண்மையாகவே காதலித்துப் பாடும் காட்சி உண்டு. வெள்ளை ரசிகர்கள் இதைப் பொறுத்துக்கொள்வார்களா? முதல் நாள் அந்தப் பாட்டு வந்தபோது மற்ற மூவரும் ஓடத் தயாராகப் பின்வாசல் பக்கம் நின்றிருந்தார்களாம். பியானோ முன்னால் சிக்கிக்கொண்டவர் பிளேக் மட்டும்தான். ஆனால் கிடைத்தது கைதட்டல். நாடகம் 500 காட்சிகளைத் தாண்டி ஓடியது. ஜோசபின் பேக்கர், பால் ராப்சன் போன்றவர்கள் ஆரம்ப நாட்களில் கால்பதித்த மேடை அது.

அப்படி ஓடிய நாடகமும் மெல்ல மறந்துபோனது. அது உருவான கதையையும் மறக்கப்பட்ட கதையையும்தான் 2016-ல் இயக்குநர் ஜார்ஜ் சி. வுல்ஃப் மேடைக்குக் கொண்டுவந்தார். நடன அமைப்பு சேவியன் குளோவர். இருவரும் சேர்ந்து 1996-லேயே, அடிமைக் காலம் தொடங்கிக் கறுப்பர் வரலாற்றை டாப் டான்ஸால் சொல்லி, 4 டோனி விருதுகள் வாங்கிய ஒரு மியூசிக்கலைக் கொடுத்தவர்கள். புதிய படைப்புக்கு 10 டோனி பரிந்துரைகள் கிடைத்தன. விருது ஒன்றுகூட இல்லை. 'ஹாமில்டன்' மொத்தமாக அள்ளிக்கொண்டு போன ஆண்டு அது. ஏப்ரலில் தொடங்கிய நாடகம் ஜூலையில் நின்றுவிட்டது.

நம் ஊரில் நேர் எதிர்

அமெரிக்காவில் முரசைப் பறித்தார்கள். இங்கே சுமத்தினார்கள்.

பறை இழிவான வாத்தியமாகப் பிறக்கவில்லை. தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய பொருள்களில் பறையையும் சேர்க்கிறது. மார்கழி நோன்பில் ஆண்டாள் கண்ணனிடம் கேட்பதும் பறையைத்தான். 'பறை' என்றால் சொல்வது என்றும் பொருள். ஆனால் காலப்போக்கில், சாவுச் செய்தி சொல்லவும் பாடைக்கு முன்னால் அடிக்கவும் ஒரு சாதியார் மட்டும் வந்தாக வேண்டும் என்றானது. மறுத்தால் அடி, ஊர்விலக்கம். பறையர் என்ற சொல்லே ஆங்கிலத்துக்குப் போய், ஒதுக்கப்பட்டவர் என்ற பொருளில் 'பரையா' ஆகி, அகராதிகளில் உட்கார்ந்திருக்கிறது.

அதனால்தான் தலித் இளைஞர்கள் பல ஊர்களில் 'இனி பறை அடிக்க மாட்டோம்' என்றார்கள். சிலர் பறையைக் கொளுத்தவும் செய்தார்கள்.

மேடையில் என்ன நடந்தது? நந்தனார் கதையை 1860-களின் தொடக்கத்தில் கோபாலகிருஷ்ண பாரதியார் இசைநாடகமாக எழுதினார். பெரியபுராணத்தில் இல்லாத ஒரு பண்ணையார் வேதியரை அவர் உள்ளே கொண்டுவந்தார். சிதம்பரம் போக நந்தனார் அவரிடம் அனுமதி கேட்டுத் தவிக்கும் காட்சிகள்தான் நாடகத்தின் உயிர். ஊர் ஊராகக் கண்ணீர் விட வைத்தது. 1935-ல் 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாராகவே நடித்த கே.பி.சுந்தராம்பாளுக்குச் சம்பளம் 1 லட்சம் ரூபாய், அந்தக் காலத்தில் நம்ப முடியாத தொகை. எல்லாம் சரி. நந்தனாரின் சொந்தச் சமூகத்துக்காரர் அந்தக் கதையைத் தன் குரலில் சொல்ல மேடை எங்கே இருந்தது?

1990-களில் அந்த மேடை வரத் தொடங்கியது. அம்பேத்கர் நூற்றாண்டையொட்டித் தமிழகத்தில் தலித் இலக்கியமும் கலையும் எழுந்த நேரம். 'தன்னானே' கலைக்குழுவைக் கட்டியவரும், 'வடு' என்ற தன்வரலாற்றை எழுதியவருமான கே.ஏ.குணசேகரனின் 'பலி ஆடுகள்' தமிழின் தொடக்க கால தலித் நாடகமாகப் பேசப்படுகிறது. திண்டுக்கல்லில் அருட்சகோதரி சந்திரா தொடங்கிய சக்தி கலைக்குழுவில் பறையைத் தோளில் மாட்டியது பெண்கள்! ஆண்களே அடித்த வாத்தியத்தை, சாவு வீட்டுக்கு வெளியே, மேடையில், காலில் சலங்கையோடு அவர்கள் அடித்தபோது பறையின் முகமே மாறிப்போனது.

பறை நின்று அடிக்கும் வாத்தியமில்லை. ஒரு கையில் குட்டைக் குச்சி, மறு கையில் நீளமான மெல்லிய குச்சி, கூடவே கால்கள் அடவு வைக்கும். சாவுக்கு ஓர் அடி, சாமி புறப்பாட்டுக்கு ஓர் அடி, கல்யாணத்துக்கு ஓர் அடி. டாப் டான்ஸரைப் போலவே இங்கும் இசைப்பவரும் ஆடுபவரும் ஒரே ஆள்.

2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதன்முதலாக மேடையேறியது. இயக்குநர் பா.இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு அது. கானா, ராப், பறை எல்லாம் ஒரே மேடையில். பெயருக்கு மூலம் அயோத்திதாசப் பண்டிதரின் 'சாதியற்ற தமிழர்' என்ற சிந்தனை. தாம்பரம் சானடோரியம் தேசிய சித்த மருத்துவமனைக்குப் போனவர்களுக்கு அந்தப் பெயர் புதிதல்ல, மருத்துவமனையே அவர் பெயரில்தான் இயங்குகிறது. பிறகு சபாக்களின் மாதமான மார்கழியிலேயே 'மார்கழியில் மக்களிசை'யும் வந்தது.

தோல் யாருடையது?

ஆனாலும் நந்தனார் நின்ற அந்த வாசல் முழுதாகத் திறந்துவிட்டதா என்றால், 2020 பிப்ரவரியைப் பார்க்க வேண்டும். மிருதங்கத்துக்குத் தோல் கட்டும் கைவினைஞர்களைப் பற்றி, அவர்களில் பெரும்பாலோர் தலித் கிறிஸ்தவர்கள், பாடகர் டி.எம்.கிருஷ்ணா 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்ற புத்தகம் எழுதினார். வெளியீட்டு விழாவுக்குக் கொடுத்த அனுமதியைக் கலாக்ஷேத்ரா கடைசி நேரத்தில் திரும்பப் பெற்றது. விழா வேறு இடத்தில் நடந்தது.

மதுரை அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025-ல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோது, பறை அடித்த கைக்கு நாட்டின் கௌரவம் என்று பலரும் கொண்டாடினார்கள். பறைப் பயிற்சி வகுப்புகளில் இன்று எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சேருகிறார்கள். மழையில் தளராத ஃபைபர் தோல்கூட வந்துவிட்டது. 'சாவுக்கு அடிக்க மாட்டோம்' என்பதைக் கொள்கையாக வைத்திருக்கும் குழுக்கள் உண்டு. சாவு வீட்டுக் கூலியை நம்பி அடுப்பு எரியும் வீடுகளும் உண்டு. மேடைப் பறைக்குக் கைதட்டும் அதே தெருவில், பாடைக்கு முன்னால் அடிப்பவரை 'ஏய், மேளம்' என்று கூப்பிடும் குரலும் கேட்கிறது.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு சேவியன் குளோவர் ஆடும் காணொளி ஒன்றைப் பாருங்கள். அடுத்ததாக ஒரு பறையாட்டம். முதலாவதில் முகத்தைவிடக் கால்களைக் கவனியுங்கள். இரண்டாவதில் குச்சிகளோடு கால்களையும் சேர்த்து.