சக்கரச் சாவி தொலைந்தால்?

திருடனுக்குப் போட்ட பூட்டு, சொந்தக்காரரையே தவிக்க விடுவதும் உண்டு!

சில கார்களில் ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு நட்டு தனி ரகம். சாதாரண ஸ்பானர் அதில் பிடிக்காது. அதற்கென உள்ள சாவியைப் பொருத்தினால்தான் கழலும்.

நள்ளிரவில் அடையாறு பாலத்தில் பஞ்சர். சாவி இல்லை. ஸ்டெப்னி இருந்து என்ன பயன்?

சாவியுடன் வந்த அட்டையில் ஓர் எண் இருக்கும். அதைக் காட்டினால் கார் விற்பனையாளர் மாற்றுச் சாவி வரவழைத்துத் தருவார்.

எண்ணும் இல்லையா? மெக்கானிக் தனிக் கருவியை நட்டின் மேல் அடித்துப் பொருத்திக் கழற்றுவார். பிறகு உங்கள் காருக்கு உரிய புது நட்டு போட வேண்டும். அண்ணா சாலையை அடுத்த ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் உதிரி பாகக் கடைகள் வரிசையாக உள்ளன.

பஞ்சர் கடையை விட்டுக் கிளம்புமுன் சாவியைக் கேட்டு வாங்குங்கள். எண்ணை இன்றே வீட்டில் குறித்து வையுங்கள்!