மறைந்த மீட்டர் பாதையும் திருவண்ணாமலையாரும்

விழுப்புரத்திலிருந்து திருக்கோவிலூர், திருவண்ணாமலை, போளூர், வேலூர் வழியாகக் காட்பாடிக்குச் செல்லும் இருப்புப் பாதை 2010-ஆம் வருஷத்தில் அகலப் பாதையாக மாற்றித் திறக்கப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டு முதல் ஜனங்களைச் சுமந்து வந்த மீட்டர் பாதை அத்துடன் மறைந்தது. இதைக் குறித்து ஒப்பாரி வைக்க நாம் முன்வரவில்லை. பௌர்ணமிதோறும் கிரிவலத்திற்கும், கார்த்திகையில் தீப தரிசனத்திற்கும் லட்சக்கணக்கில் திரளும் ஜனங்களுக்கு 1,000 மில்லிமீட்டர் அகலமுள்ள பாதை எங்ஙனம் போதும்? 1,676 மில்லிமீட்டர்ப் பாதை வந்தமையால், சந்திப்பு நிலையங்களில் மூட்டை முடிச்சுகளுடன் வண்டி மாறியலைந்த தொல்லையும் ஒழிந்தது. ஆயினும், பழையதை மாற்றுவது ஒன்று. பழையது இருந்த தடமே தெரியாமற் செய்வது மற்றொன்று. நாம் பேசப் புகுந்தது பின்னதைப் பற்றியே.

“அன்னியன் தன் துருப்புகளை ஏற்றியனுப்பவும், நமது பஞ்சையும் தானியத்தையும் துறைமுகத்திற்குக் கொண்டு போகவும் போட்ட தண்டவாளத்துக்கு நினைவுச் சின்னமா?” என்று நமது தேசாபிமானிகளிற் சிலர் கேட்கக் கூடும். கேள்வி நியாயமானதே. காந்தியடிகளே 1909-ல் எழுதிய ‘ஹிந்த ஸ்வராஜ்’ நூலில் ரயில்வேக்களைக் கடுமையாகக் கண்டித்தார். ஆனால் ஆரம்ப கால ரயில்வேக் கம்பெனிகளின் மூலதனத்திற்கு நூற்றுக்கு 5 வீதம் வட்டி உத்தரவாதம் செய்து, குறைந்ததை ஈடுகட்டியது எவர் பணம்? இந்திய வரி செலுத்துவோர் பணமன்றோ? மண் சுமந்ததும், கரி வாரிப் போட்டதும், பாயிண்ட் மாற்றியதும் எவர் கைகள்? நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிராப்பள்ளிக்கு 1860-களின் தொடக்கத்தில் அகலப் பாதை போட்ட மகானுபாவர்களே, 1870-களில் அதைப் பெயர்த்து மீட்டர் பாதையாக்கினார்கள் என்பதையும் நேயர்கள் கவனிக்க வேண்டும். நூறு வருஷங்களுக்குப் பின் அதை மீண்டும் அகலமாக்கும் செலவு நம் தலையில் விழுந்தது. இந்தக் கணக்கையெல்லாம் நம் பிள்ளைகள் அறிய வேண்டாமா?

அன்றியும், நமது சுதந்திரப் போர் நடந்த களங்களுள் ரயில்வேயும் ஒன்று. 1911 ஜூன் 17-ந் தேதி கலெக்டர் ஆஷ் சுடப்பட்டது மணியாச்சி ஸ்டேஷனில். பட்டறைகளைப் பொன்மலைக்கு மாற்றி ஆட்குறைப்புச் செய்ததை எதிர்த்து 1928-ல் தென்னிந்திய ரயில்வேத் தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்தபோது, சிங்காரவேலர் சிறை புகுந்தார். 1946 செப்டம்பர் 5-ல் அதே பொன்மலையில் தொழிலாளர் ஐவர் துப்பாக்கிச் சூட்டில் உயிர் நீத்தனர். இவற்றுள் எதுவும் இங்கிலீஷ்காரனுடைய சரித்திரமன்று.

ஐர்லாந்துக்காரர் இவ்விஷயத்தில் நமக்கு நல்லதோர் பாடம். அவர்களும் அதே ஏகாதிபத்தியத்தின் கீழ் வாடியவர்கள். 1920-ல் அந்நாட்டு ரயில்வேத் தொழிலாளர் பிரிட்டிஷ் துருப்புகளையும் ஆயுதங்களையும் ஏற்ற மாட்டோமென்று மறுத்து, மே முதல் டிசம்பர் வரை உறுதியாக நின்று, பலர் வேலையும் இழந்தனர். அத்தகையோர், “இது பகைவன் போட்ட பாதை” என்று தம் பழைய ரயில்களை உதறிவிடவில்லை. 1964-ல் ஐரிஷ் ரயில்வே பாதுகாப்புச் சங்கம் ஒன்றை நிறுவி, நீராவி இன்ஜின்களைச் செப்பனிட்டு, உண்மையான பாதையிலேயே பிரயாணிகளுடன் ஓட்டி வருகின்றனர். தேசம் இரண்டாகப் பிரிந்து கிடப்பினும் அச்சங்கத்தின் வண்டிகள் எல்லையின் இரு பக்கமும் ஓடுவது நமக்கு வியப்பளிக்கிறது. டிராலி-டிங்கிள் என்னும் குறுகிய பாதை மூடப்பட்ட பின் அமெரிக்கா சென்ற இன்ஜின் ஒன்றை, 1986-ல் தாய்நாட்டிற்கு மீட்டுக் கொண்டு வந்தார்கள்.

இதனினும் நம் மனத்தைக் கவர்ந்தது வேறொன்று. டப்ளினிலுள்ள இஞ்சிகோர் ரயில்வேப் பட்டறையில் வேலை பார்த்த சிரில் பிரை என்னும் எஞ்சினியர், தமது ஓய்வு நேரத்தில் ஐரிஷ் இன்ஜின்களையும் வண்டிகளையும் சிற்றுருவங்களாகச் செய்து வந்தார். பல பாதைகள் மூடப்பட்டு, வண்டிகள் பழைய இரும்பாகப் போய்விட்ட பின்னும், அவருடைய சிற்றுருவங்கள் எஞ்சின. அவர் 1972-ல் காலமானார். அத்தொகுதி மாலஹைட் கோட்டையில் 1988 முதல் காட்சிக்கிருந்து, 2010-ல் மூடப்பட்டு, 2020-ல் அவ்வூரிலேயே வேறொரு மாளிகையில் மீண்டும் இடம் பெற்றது. ஒரு தனி மனிதருடைய மாலை நேரங்கள் ஒரு தேசத்தின் ஆவணமாயின. இதைக் குழந்தை விளையாட்டென்று நகைப்போர் நகைக்கட்டும்.

சிற்றுருவம் செய்வதென்றால் கண்ணை மதித்துச் செய்வதன்று. கணக்கை மதித்துச் செய்வது. ஐர்லாந்தின் பாதை 5 அடி 3 அங்குலம். ஓர் அடிக்கு 4 மில்லிமீட்டர் என்னும் அளவில் அது 21 மில்லிமீட்டராகும். கடையில் விற்கும் சிறு தண்டவாளமோ 16.5 மில்லிமீட்டர். ஆகவே பலர் தவறான அகலத்திலேயே ஓட்டித் திருப்தியடைய, பிடிவாதக்காரர்கள் தண்டவாளத்தைத் தம் கையாலேயே அமைக்கின்றனர். நம் நிலைமை அவ்வளவு மோசமன்று. மீட்டர் பாதையை 87-ல் ஒரு பங்காகக் குறைத்தால் 11.5 மில்லிமீட்டர் வரும்; ஸ்விட்ஸர்லாந்தின் மலைப்பாதைகளும் மீட்டர் பாதைகளாகையால், அவற்றின் சிற்றுருவத்திற்கென 12 மில்லிமீட்டர்த் தண்டவாளம் விற்பனைக்குக் கிடைக்கிறது. அரை கிலோமீட்டர் நீளமுள்ள ஸ்டேஷன் எல்லை 6 மீட்டர் மேஜைக்குள் அடங்கிவிடும். அடங்காதவர் அண்ணாமலையார் ஒருவரே! 814 மீட்டர் உயரமுள்ள மலை அவ்வளவில் 9 மீட்டருக்கு மேல் எழும்பி எந்தக் கூரையையும் பிளந்துவிடும். அவரைச் சுவரில் ஓவியமாகவே தீட்ட வேண்டும்.

இவ்வூருக்கு அப்பாதை தந்த சரித்திரம் அற்பமன்று. 1896 ஆகஸ்டு 29-ந் தேதி மதுரையில் வண்டியேறிய வேங்கடராமன் என்னும் 16 வயதுச் சிறுவர், கையிலிருந்த பழைய அட்லாஸில் திருவண்ணாமலைப் பாதை காணப்படாமையால் திண்டிவனத்துக்கே டிக்கெட் வாங்கினார். விழுப்புரத்தில் மாற வேண்டுமென்பது வழியில் ஒரு மௌல்வி சொல்லித்தான் தெரிந்தது. எஞ்சிய காசுக்கு மாம்பழப்பட்டு வரை ரயில், அப்பால் நடை, திருக்கோவிலூர்ப் பக்கத்தில் கடுக்கனை அடகு வைத்துப் பெற்ற பணத்தில் மீண்டும் ரயில். செப்டம்பர் 1-ந் தேதி காலை திருவண்ணாமலையில் இறங்கிய அச்சிறுவரே ரமண மஹரிஷி. உலகின் நானா பக்கங்களிலிருந்தும் அவரை நாடி வருவோர், அவர் வந்த வழி எப்படியிருந்தது என்று கேட்டால் நாம் எதைக் காட்டுவது?

தமிழ்நாட்டில் இத்தகைய முயற்சிக்கு முன்மாதிரி இல்லாமலில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899-லும், உதகைக்கு 1908-லும் எட்டிய நீலகிரி மலை ரயில், 2005-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஐக்கிய நாடுகளின் கல்வி, விஞ்ஞான, கலாசார ஸ்தாபனத்தால் அங்கீகரிக்கப்பட்டது. அதன் பற்சக்கர நீராவி இன்ஜின்களைப் புதிதாகவே வார்த்துப் பூட்டி ஓட்டிக் காட்டியவர்கள் நம் பொன்மலைத் தொழிலாளிகள். 1855-ல் லீட்ஸ் நகரில் செய்த ‘எக்ஸ்பிரஸ்’ இன்ஜினுக்கு மறுபடி உயிரூட்டியது பெரம்பூர்ப் பட்டறை. சென்னையிலும் திருச்சியிலும் ரயில் காட்சிசாலைகள் உள்ளன. கைத்திறனுக்குக் குறைவில்லை. ஆனால் மலை ரயிலுக்குக் கிடைத்த மதிப்பு, ஏழைக் குடியானவன் நிலக்கடலை மூட்டையுடன் மூன்றாம் வகுப்பில் நெருக்கியடித்துச் சென்ற சமவெளிப் பாதைக்கு ஏன் கிடைக்கவில்லை? உல்லாசப் பிரயாணி ஏறிய வண்டி மட்டுமே சரித்திரமாகுமோ?

பெரிய கட்டிடமோ, சர்க்கார் மானியமோ வரும் வரை காத்திருக்க வேண்டுவதில்லை. முதலில் வேண்டுவது அளவுகளும் சாட்சியங்களும். மீட்டர் பாதையில் வேலை பார்த்த டிரைவர்களும், பயர்மேன்களும், கேட் காவலரும் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். ஒற்றைப் பாதையில் எதிர் வண்டி வாராதபடி டிரைவரிடம் கொடுத்தனுப்பிய டோக்கன், அதைக் கோத்த பிரம்பு வளையம், கெட்டி அட்டை டிக்கெட், கைகாட்டி மரத்தை இயக்கிய நெம்புகோல் ஆகிய இவற்றின் உபயோகத்தை வாயால் விளக்கக் கூடியவர்கள் அவர்களே. ஊரிலுள்ள கல்லூரி மாணவர் நால்வர் ஒரு நோட்டுப் புத்தகத்துடன் அவர்கள் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தால், ஒரு வருஷத்திற்குள் விழுப்புரம் முதல் காட்பாடி வரை ஸ்டேஷன் வாரியாகப் படம் வரைந்துவிடலாம். தச்சரும் கொல்லரும் நகரில் உண்டு. பிரைக்கும் பட்டறை அனுபவமே மூலதனம். பழைய போட்டோக்கள் வைத்திருப்போர் அவற்றை இப்போதே எடுத்து, பின்புறத்தில் ஸ்டேஷன் பெயரையும் வருஷத்தையும் பென்சிலால் எழுதி வைப்பார்களாக.