கண்ணுக்குத் தெரியாத 25-ஆவது எழுத்து

ஆவடியில் இருக்கும் நண்பனுக்குக் கடிதம் போடுகிறீர்கள். முகவரியின் முடிவில் 600054 என்று எழுதுகிறீர்கள். தபால் பிரிக்கும் ஊழியர் அந்த எண்ணைப் பார்த்ததும் கடிதத்தை உரிய அறையில் போட்டுவிடலாம். 1972 ஆகஸ்டு 15 அன்று தொடங்கிய பின்கோடு முறையின் பயன் இது.

கணிப்பொறியிலும் இதே தந்திரம் உண்டு. அதன் பெயர் 'ஹாஷ் அட்டவணை'. ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த ஹான்ஸ் பீட்டர் லூன் 1953-இல் எழுதிய ஒரு குறிப்பில் இந்த யோசனை இருக்கிறது.

0 முதல் 9 வரை எண்ணிட்ட பத்து அறைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பின்கோட்டை 10-ஆல் வகுத்தால் வரும் மீதிதான் அறை எண். அம்பத்தூர் (600053) மூன்றாம் எண் அறைக்கும், ஆவடி நான்காம் எண் அறைக்கும், பூவிருந்தவல்லி (600056) ஆறாம் எண் அறைக்கும் போகும். ஆனால் திருமுல்லைவாயிலும் (600062) பட்டாபிராமும் (600072) ஒரே அறைக்கு வந்து மோதுகின்றனவே! கவலை வேண்டாம். முதல் பதிவிலேயே 'அடுத்தவர் இன்ன இடத்தில் இருக்கிறார்' என்று எழுதிவைத்து, இரண்டையும் சங்கிலிபோல் கோத்துவிடலாம்.

நான் பட்ட பாடு

எங்கள் பழைய மாணவர்களின் முகவரிகளுக்காக இப்படி ஒரு புரோகிராமை 'சி' மொழியில் எழுதினேன். பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிட்சி 1972 வாக்கில் உருவாக்கிய மொழி இது. வேகமானது, ஆனால் கண்டிப்பில்லாதது. நினைவகத்தில் இத்தனை பைட் இடம் வேண்டும் என்று நாமே கேட்டு வாங்க வேண்டும். வேலை முடிந்ததும் நாமே திருப்பித் தர வேண்டும். எல்லை தாண்டினால் தடுக்க அங்கே காவலாளி இல்லை.

ஊர்ப் பெயர்களை ஆங்கிலத்தில் இடைவெளி விடாமல் பதிந்தேன். ஆவடிக்கு 5 எழுத்து. 5 பைட் கேட்டேன். அம்பத்தூருக்கு 8, திருமுல்லைவாயிலுக்கு 16. எல்லாம் சரியாகவே நடந்தன. ஒரு நாள் 'அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்' என்ற பெயரைச் சேர்த்தேன். பெயர் பதிவானது, தேடினால் கிடைத்தது. ஆனால் கடைசியில் இடங்களைத் திருப்பித் தரும்போது புரோகிராம் நின்றுவிட்டது. திருப்பித் தரும் வரிகளையே இரண்டு மாலைகள் உற்றுப் பார்த்தேன். அவற்றில் ஒரு பிழையும் இல்லை!

குற்றவாளி யார்?

சி மொழியில் ஒவ்வொரு சொல்லின் முடிவிலும் 'இத்துடன் முடிந்தது' என்று காட்ட, பூஜ்ய மதிப்புள்ள ஒரு பைட் இருக்க வேண்டும். எழுத்துகளை எண்ணும் கட்டளை அதைக் கணக்கில் சேர்க்காது. எனவே ஆவடிக்கு 6 பைட் கேட்டிருக்க வேண்டும்.

அப்படியானால் ஆவடி ஏன் தப்பியது? மளிகைக் கடையில் 37 கிராம் மிளகு கேட்டால் 50 கிராம் பொட்டலத்தை எடுத்துத் தருவதில்லையா? அதுபோல 64 பிட் லினக்ஸில் வழக்கமாக 24, 40, 56 என்ற அளவுகளில்தான் இடம் கிடைக்கும். 5 பைட் கேட்டவனுக்கு 24 கிடைத்தது. என் பிழை அதற்குள் ஒளிந்துகொண்டது. ஆனால் அந்தத் தொழிற்பேட்டையின் பெயரை ஆங்கிலத்தில் எண்ணிப் பாருங்கள்: 8 + 10 + 6 = 24! இருபத்தைந்தாவதான பூஜ்யத்துக்கு இடமில்லை. அது அடுத்த பெட்டியின் அளவைக் குறித்துவைத்த எண்ணின்மேல் விழுந்து அதைக் கெடுத்தது. அந்தப் பெட்டியைத் திருப்பித் தரும்போதுதான் குட்டு வெளிப்பட்டது.

திருகு அளவியின் சுழிப்பிழை எல்லா அளவீட்டிலும் தெரியும், திருத்திவிடலாம். நினைவகப் பிழை அப்படியல்ல. அது நிகழ்வது ஓரிடம், புரோகிராம் விழுவது வேறோர் இடம். ஆகவே விழுந்த இடத்தை மட்டும் ஆராய்வதில் பயனில்லை.

இதற்கென்றே கருவிகள் உள்ளன. 2002-இல் வெளிவந்த 'வால்கிரைண்ட்' ஒன்று. கூகுள் பொறியாளர்கள் உருவாக்கிய 'அட்ரஸ் சானிட்டைசர்' மற்றொன்று. இரண்டாவது கருவி, நாம் வாங்கும் ஒவ்வோர் இடத்தின் இருபுறமும் தடைசெய்யப்பட்ட ஒரு பட்டையை அமைக்கிறது. அதில் ஒரு பைட் எழுதினாலும் அந்தக் கணமே நிறுத்தி, வரி எண்ணைச் சொல்லிவிடுகிறது. என் புரோகிராமில் அது காட்டியது, பெயரை நகல் எடுத்த வரியை!

ஒரு பைட்தானே என்று எண்ணாதீர்கள். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய புதுப்பிப்பால், 20 மதிப்புகளே இருந்த இடத்தில் அதன் மென்பொருள் 21-ஆவதைப் படிக்க முயன்றது. சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் முடங்கின. நம் நாட்டு விமான நிலையங்களில் கையால் எழுதிய பயணச் சீட்டுகளைக் கொடுக்க வேண்டியதாயிற்று.

செய்து பாருங்கள்

அறைகளை ஏழாகக் குறையுங்கள். மேலே சொன்ன ஐந்து பின்கோடுகளுடன் அம்பத்தூர் தொழிற்பேட்டையின் 600058-ஐயும் சேர்த்து, ஒவ்வொன்றையும் 7-ஆல் வகுத்து மீதியைக் காணுங்கள். இப்போது எந்த இரண்டு ஊர்கள் மோதுகின்றன? எந்த அறைகள் காலியாக இருக்கின்றன? தாளில் ஏழு கட்டங்கள் வரைந்து, ஊர்களை நீங்களே குடியேற்றுங்கள். பெயரை எழுதும்போது முடிவில் ஒரு பூஜ்யத்துக்கு இடம் விட மறவாதீர்கள்!