பால் இருக்கிறது, விழுங்கத்தான் முடியவில்லை

பிறந்து சில வாரமே ஆன குழந்தை பால் குடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டால், சென்னைப் பக்கம் அம்பத்தூரோ ஆவடியோ பூந்தமல்லியோ, வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் காரணங்கள் ஏறக்குறைய ஒன்றுதான்: ‘உரம் விழுந்திருக்கு’, ‘தொக்கம் எடுக்கணும்’, ‘தாய்க்குப் பால் பத்தலை’, ‘இப்பவே எவ்வளவு பிடிவாதம் பாரு’. பிறகு குழந்தையைப் புடவையில் போட்டு உருட்டுவார்கள், தொக்கம் எடுப்பவரைத் தேடிப் போவார்கள், அல்லது புட்டிக்கு மாற்றுவார்கள். குழந்தைக்கு விழுங்குவதே சிரமமாக இருக்குமோ என்ற சந்தேகம் எல்லாம் முடிந்த பிறகுதான் வருகிறது. அந்தச் சந்தேகம் முதலில் வர வேண்டும். ஏனென்றால், விழுங்கச் சிரமப்படும் குழந்தைக்கு வற்புறுத்திப் புகட்டும் ஒவ்வொரு மடக்கும் ஆபத்து.

பால் குடிப்பது நமக்கு எளிதாகத் தெரிகிறது. குழந்தைக்கு அது உழைப்பு. உறிஞ்ச வேண்டும், விழுங்க வேண்டும், விழுங்கும் கணத்தில் மூச்சுக்குழாயின் வாய் மூடிக்கொள்ள வேண்டும், உடனே திறந்து மூச்சு ஓட வேண்டும். ஏறத்தாழ ஒரு விநாடிக்குள் இத்தனையும் நடந்து, அடுத்த விநாடி மறுபடி தொடங்குகிறது. இந்த ஒத்திசைவு கருவின் 34-வது வாரத்தை ஒட்டித்தான் கைகூடுகிறது. அதற்கு முன் பிறந்த குழந்தைக்குப் பசி இருக்கும், வாயும் அசையும், ஆனால் தாளம் தப்பும். அண்ணப்பிளவு உள்ள குழந்தையால் வாய்க்குள் உறிஞ்சும் அழுத்தத்தை உண்டாக்க முடியாது. பால் மூக்கு வழியாக வரும். இதயக் கோளாறு உள்ள குழந்தைக்குக் குடிக்கும்போதே நெற்றி வியர்க்கும், மூச்சு வாங்கும். மூளைவாதம், டவுன் சிண்ட்ரோம் போன்றவற்றில் நாக்கும் உதடும் சொன்னபடி கேட்பதில்லை. இவற்றில் எதையும் புடவையில் உருட்டிச் சரிசெய்ய முடியாது. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: பால் மூச்சுக்குழாய்க்குள் போனால் குழந்தை இருமும் என்று நம்பியிருக்கிறோம். சில குழந்தைகள் இருமுவதே இல்லை. குடித்த பின் தொண்டையில் ‘கரகர’வென்று ஈரச் சத்தம், திரும்பத் திரும்ப வரும் சளிக்காய்ச்சல், ஏறாத எடை இவைதான் அங்கே தடயம்.

‘நாங்களெல்லாம் சங்கில் குடித்து வளர்ந்தவர்கள்தானே’ என்று பாட்டிகள் கேட்பார்கள். கேட்பது நியாயம். சங்கின் மேல் குற்றமில்லை. நேரடியாகத் தாய்ப்பால் குடிக்க முடியாத எடை குறைந்த குழந்தைகளுக்குப் பாலாடை என்னும் இந்தச் சங்கிலோ கிண்ணத்திலோ பீய்ச்சிய தாய்ப்பாலைப் புகட்டலாம் என்று உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைக்கிறது. நம் அடுக்களைச் சாமான் ஒன்று பச்சிளம் குழந்தை வார்டுக்குள் மரியாதையோடு நுழைந்திருக்கிறது. குற்றம் ஊற்றும் முறையில் இருக்கிறது. காலை நீட்டி, குழந்தையை மல்லாத்திப் போட்டு, கன்னத்தை அமுக்கி, அழும் வாயில் ஊற்றினால், அழுகைக்கு இழுக்கும் மூச்சோடு பாலும் உள்ளே போகும். சரியான முறையில் குழந்தை ஏறக்குறைய உட்கார்ந்த வாக்கில், தலையும் கழுத்தும் தாங்கப்பட்டு, விழித்திருக்க வேண்டும். சங்கின் மூக்கு கீழுதட்டின் ஓரத்தில் படிய, பால் உதட்டைத் தொடும் அளவுக்கு மட்டும் சாய்க்க வேண்டும். நாக்கு வெளியே வந்து பாலை எடுக்கும்வரை கை காத்திருக்க வேண்டும். ஒரு மடக்கு, ஒரு மூச்சு, பிறகுதான் அடுத்தது. வேகத்தைத் தீர்மானிப்பது குழந்தை. விளக்கெண்ணெயையும் நெய்யையும் இப்படி வலுவில் புகட்டும் வழக்கத்துக்கு இன்னும் கூடுதல் ஆபத்து உண்டு. எண்ணெய்ப் பொருள்கள் நுரையீரலில் தங்கி நிமோனியா கண்ட தென்னிந்தியக் குழந்தைகளைப் பற்றி 1973-லேயே ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ கட்டுரை வெளியிட்டிருக்கிறது.

‘எடை ஏறவில்லையே, ஊற்றாமல் எப்படி?’ என்ற பயம் உண்மையானது. முதல் மூன்று மாதங்களில் நாளுக்கு 20 முதல் 30 கிராம்வரை ஏற வேண்டிய எடை நின்றுபோனால் எந்தத் தாய்க்குத்தான் மனம் பதறாது? ஆனால் திணித்துக் கொடுத்தது பெரும்பாலும் கக்கலாகத் திரும்புகிறது. வாய்க்கு அருகே எது வந்தாலும் அழும் குழந்தையும் அப்படித்தான் உருவாகிறது. பாலைக் கெட்டியாக்கினால் புரையேறாது என்று சிலர் அரிசி மாவு கலக்கிறார்கள். எந்தக் குழந்தைக்கு, எவ்வளவு கெட்டியாக என்பதைப் பரிசோதித்தவர்தான் சொல்ல வேண்டும். கடையில் விற்கும் ஒரு கெட்டியாக்கும் பொருளைக் குறைமாதக் குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டாம் என்று, குடல் பாதிப்பு ஏற்பட்டதைப் பார்த்து, 2011-ல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்தது. வாயால் போதுமான அளவு குடிக்க முடியாத குழந்தைக்கு மூக்கு வழியாகக் குழாயில் பால் கொடுக்கலாம் என்று டாக்டர் சொன்னதும் ‘கைவிட்டாச்சு’ என்று அழ வேண்டாம். அது பாலம். குழாயில் பால் இறங்கும் நேரத்தில் பீய்ச்சி எடுத்துவிட்ட மார்பிலோ சுத்தமான விரலிலோ சப்பப் பழகிய குறைமாதக் குழந்தைகள் சீக்கிரம் வாயால் குடிக்கத் தொடங்குவதையும், சீக்கிரம் வீடு திரும்புவதையும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

தொழிற்பேட்டையில் ஷிப்டு வேலைக்குப் போகும் பெண்ணிடம் பொறுமையாகப் புகட்டு என்று சொல்வது எளிது என்பார்கள். அதனால்தான் இதைத் தாய் ஒருத்தியின் பொறுப்பாக விடக் கூடாது. அப்பாவும் பாட்டியும் பக்கத்து வீட்டு அக்காவும் அதே முறையைக் கற்றுக்கொள்ள வேண்டும். கற்றுக்கொடுக்க ஆள் உண்டு. பேச்சே வராத குழந்தைக்கு ஸ்பீச் தெரபிஸ்ட் எதற்கு என்று தோன்றலாம். பேசும் நாக்கும் உதடும் தொண்டையும்தான் விழுங்கவும் செய்கின்றன. பேச்சுப் பயிற்சியாளர்களில் குழந்தைகளின் விழுங்கலைக் கவனிப்பவர்கள் இருக்கிறார்கள். போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவமனையில் பேச்சு, மொழிப் பயிற்சிக்குத் தனித் துறை உண்டு. எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை ரயில் தூரம்தான். 2013-ல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தில் அண்ணப்பிளவு, டவுன் சிண்ட்ரோம், வளர்ச்சித் தாமதம் மூன்றும் அடங்கும்; அங்கன்வாடிக்கு வரும் மருத்துவக் குழுவிடமே வழி கேட்கலாம்.

குடிக்கும்போது நீலம் பாய்ந்தாலோ மூச்சு நின்று நின்று வந்தாலோ காத்திருக்காதீர்கள், 108-ஐ அழையுங்கள். மற்றபடி, அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது எத்தனை மில்லி குடித்தது என்பதோடு எத்தனை நிமிடம் பிடித்தது என்பதையும் எழுதிக்கொண்டு போங்கள். அரை மணி நேரத்துக்கு மேல் இழுத்தால் அதையே முதலில் சொல்லுங்கள். குழந்தை குடிப்பதைக் கைப்பேசியில் இரண்டு நிமிடம் படமெடுத்துக் காட்டுங்கள், ஓ.பி. அறையில் தூங்கிவிடும் குழந்தைக்காக அந்தப் படம் பேசும்.